ஒரு ஜாண் தழும்பு கேட்டவள்

போன மாதம் மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு புது விளம்பரத் தட்டியைப் பார்த்தேன். "கருப்பை இறக்கமா? கவலை வேண்டாம். வெட்டில்லை, தழும்பில்லை. நவீன துளை வழி அறுவை சிகிச்சை. மறுநாளே உங்கள் வேலைக்குத் திரும்பலாம்!" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் இடுப்பில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிற படம். குடத்தோடு! எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே நின்றுவிட்டேன். கும்மிடிப்பூண்டி வண்டி வந்து போயே போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பி, என்னோடு கடைசி வருடங்களில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் பெண்ணுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல ஆபரேஷன்தானே சிஸ்டர்? நீங்களே அதை எவ்ளோ தடவை மெச்சியிருக்கீங்க? அப்புறம் எதுக்கு இந்த டென்ஷன்?" என்றாள். நல்ல ஆபரேஷன்தான். தியேட்டரில் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் சண்டையெல்லாம் தட்டியின் கடைசி வரியோடும் அந்தக் குடத்தோடும்தான். "அப்ப எழுதிக் குடுங்க, நாங்க எல்லாரும் படிக்கிறோம்" என்றாள். எழுதுகிறேன்.

என் ஊர் பொதட்டூர்பேட்டை. நர்ஸிங் படித்தது, விடுதிச் சாப்பாட்டில் இளைத்தது, வார்டன் அம்மாவிடம் திட்டு வாங்கியது எல்லாம் எல்லா நர்ஸுக்கும் பொதுவான கதை, அதை விட்டுவிடுகிறேன். சில வருடங்கள் அங்குமிங்கும் வார்டுகளில் வேலை பார்த்துவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

கருப்பை இறக்கத்தைப் பாடப் புத்தகத்தில் ஒரு கோட்டுப் படமாகத்தான் பார்த்திருந்தேன். கருப்பையைத் தாங்குகிற தசையும் நாரும் தளர்ந்துபோனால் அது பிறப்புறுப்பு வழியாகக் கீழே இறங்கும், சில சமயம் மூத்திரப்பையையும் கூட இழுத்துக்கொண்டு வரும். பாடம் அவ்வளவுதான். சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு அம்மாவைப் பரிசோதனைக்குத் தயார் செய்யப் போனேன். கட்டியிருந்த துணியை அவிழ்த்ததும் கருப்பை முழுசாக வெளியே தொங்கியது. உராய்ந்து உராய்ந்து தோல் காய்த்துப்போய் ஓரத்தில் புண்ணாகியிருந்தது. "எப்படிம்மா வந்தீங்க?" என்று கேட்டேன். "பஸ்ல. உக்கார எடம் கெடைக்கல, நின்னுகினே வந்தேன்" என்றார், ஏதோ குடை எடுத்து வர மறந்ததைச் சொல்வது போல. அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு பழகிப்போயிருக்க வேண்டும். பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

எங்கள் பெரிய மேடம் டாக்டர் வத்சலா. பெண்கள் பிரிவுக்கு அவர்தான் தலைமை. மற்ற டாக்டர்களுக்குக் கோபம் வந்தால் கத்துவார்கள், கையில் இருப்பதை வீசுவார்கள். மேடத்துக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் என்னை "கஸ்தூரி, வாடி இங்கே" என்றுதான் கூப்பிடுவார். "நீங்க கொஞ்சம் வர்றீங்களா சிஸ்டர்" என்று மெல்லிய குரலில் சொன்னால் தொலைந்தோம் என்று அர்த்தம். அவர் "நீங்க" போட்டதும் தியேட்டரில் ஆளாளுக்கு வேலையை நினைவுபடுத்திக்கொண்டு மூலைக்கு ஒருவராக ஒதுங்குவோம்.

அவருடைய பரிசோதனை அறையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் நிறையத் தண்ணீர் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் கை கழுவ என்று நினைப்பார்கள். அது நோயாளி தூக்குவதற்கு. "படுக்க வெச்சுப் பார்த்தா இறங்கினது நல்ல பிள்ளையா உள்ள போயிடும். ஒண்ணுமில்லைன்னு எழுதி அனுப்பிடுவோம். அவ வீட்டுக்குப் போய்த் தண்ணி தூக்கினதும் வெளியே வந்துடும்" என்பார். அதனால் முதலில் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடக்கச் சொல்வார். பிறகு குத்தவைத்து இருமச் சொல்லிவிட்டு, தானும் எதிரே தரையில் குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பார். விலை உயர்ந்த பட்டுப்புடவை கட்டி வந்த நாளிலும் அப்படித்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதைப் பார்த்துக் கூச்சத்தில் நெளிவார்கள். "எய்ந்திரி மேடம், தரையில போய் உக்காந்துகினு" என்று அவரைக் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தவர்கள்கூட உண்டு.

2000-களின் நடுவில் மேடம் வெளியூர் போய்க் கேமரா வைத்துச் செய்கிற அறுவை சிகிச்சையைக் கற்றுக்கொண்டு வந்தார். கருவிகளும் வந்து இறங்கின. அதுவரை எங்கள் பக்கம் கருப்பை இறங்கினால் எடுத்துவிடுவதுதான் வழக்கம். இனிமேல் குழந்தை வேண்டும் என்கிற சின்ன வயசுப் பெண்களுக்கு மட்டும் அடிவயிற்றைக் கிழித்துத் திறந்து, கருப்பையை மேலே தூக்கிக் கட்டுவார்கள். அதையே மேடம் துளை வழியாகச் செய்ய ஆரம்பித்தார்.

அது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். தொப்புளில் ஒரு துளை, அடிவயிற்றில் மூன்று சின்னத் துளைகள். வயிற்றுக்குள் வாயுவை நிரப்பி உப்ப வைப்போம். மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்திச் சரித்தால் குடல் நெஞ்சுப் பக்கம் ஒதுங்கி இடுப்புக் குழி காலியாகும். கேமராவின் கண்ணாடி குளிர்ந்திருந்தால் உள்ளே போனதும் ஆவி படிந்து டிவியில் ஒன்றும் தெரியாது. அதற்காகச் சுத்தம் செய்த ஃபிளாஸ்கில் சூடான உப்புநீர் வைத்துக்கொண்டு, அதில் முக்கித் துடைத்துத் துடைத்துக் கொடுப்பது என் வேலை. பட்டையான நாடா ஒன்றின் ஒரு முனையைக் கருப்பையின் கழுத்துக்குப் பின்னால் தைப்பார். மறுமுனையை முதுகெலும்பின் அடியில் இருக்கிற எலும்பின் மேல் படிந்த கெட்டியான நாரில் தைப்பார். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஊசி கொஞ்சம் பிசகினாலும் ரத்தம் கொட்டும். அந்தத் தையல் போடும்போது மட்டும் தியேட்டரில் யாரும் பேச மாட்டோம். தையல் நின்றதும் கருப்பை மெல்ல மேலே போய்த் தன் இடத்தில் உட்காருவதை டிவியில் பார்க்கலாம். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாடாவைச் சுற்றிச் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ள மூன்று மாதம் ஆகும். அதுவரை கருப்பையைத் தாங்கி நிற்பது வெறும் நூல். அந்த மூன்று மாதமும் கனம் தூக்கக் கூடாது, குத்தவைத்து வேலை செய்யக் கூடாது.

கோமளா வந்தது அந்தச் சமயத்தில்தான். இருபத்து நாலு வயதிருக்கும். தொழிற்பேட்டையில் இரும்பை உருக்குகிற ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலி. லாரியில் வந்து கொட்டுகிற பழைய இரும்பைத் தரம் பிரித்துப் பாண்டுச் சட்டியில் அள்ளித் தலையில் தூக்கிப்போய்க் குவிக்கிற வேலை. அவளுடைய மாமியார் முனியம்மாவுக்கும் அதே இடத்தில் அதே வேலை. புருஷன் ஏழுமலை லாரி க்ளீனர். முதல் பிரசவத்தில் குழந்தை வெளியே வராமல் வெகுநேரம் போராடி, பிறந்த அன்றே இறந்துவிட்டது. பால் வற்றுவதற்குள் கோமளா பாண்டைத் தூக்கப் போய்விட்டாள். கருப்பை இறங்கிவிட்டது.

மேடத்திடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்குக் கொய்ந்த வோணும் மேடம். இன்னா வேணா பண்ணுங்க, கர்ப்பப்பைய மட்டும் எட்த்துடாதீங்க."

மேடம் துளை போட்டு நாடா கட்டினார். அருமையாக அமைந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஏழுமலையைக் கூப்பிட்டு மூன்று மாத விஷயத்தை விளக்கினார். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். கோமளா தன் பையைத் தானே எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போனாள். அந்தப் பையை அவள் கையிலிருந்து நானே ஓடிப்போய்ப் பிடுங்கி ஏழுமலையிடம் கொடுத்தேன்.

இரண்டு மாதம் ஆவதற்குள் திரும்பி வந்தாள். காலை அகட்டி அகட்டி நடந்து வந்ததைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கெட்டுக்கு வேலையே இல்லை. அதன் பக்கம் போவதற்குள்ளேயே கருப்பை வெளியே வந்துவிட்டது. மேடம் தரையில் உட்கார்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"உங்களை வேலைக்கு அனுப்பினது யாருங்க?" என்று அங்கே உட்கார்ந்தபடியே கேட்டார். அந்தக் கூலிக்காரப் பெண்ணை "நீங்க" என்றார்.

கோமளா சொன்னாள்: "ஊட்டுக்குப் போன அன்னிக்கு தெரு பொம்பளைங்க எல்லாம் பாக்க வந்தாங்க மேடம். புடவயத் தள்ளி தையல காட்டச் சொன்னாங்க. காமிச்சேன். 'இன்னாடி இது? ஆப்ரேசன் எங்கடி?'ன்னு சிரிச்சிட்டாங்க. எங்க மாமியாவும் குனிஞ்சி பாத்துட்டு, 'கொசு கட்ச்சா கூட இத்தவிட பெருசா வீங்கும். எய்ந்து வேலையப் பாருடி'ன்னுச்சி. அப்பால மேஸ்திரி வந்து கேட்டாரு, எத்தினி தையல்னு. நாலு புள்ளின்னேன். 'நாலு புள்ளிக்கு மூணு மாசம் லீவா? வயித்துல இன்னா, கோலமா போட்டாங்க?'ன்னு நக்கல் பண்ணாரு. மறுநாளே பாண்டு தூக்கப் போயிட்டேன்."

படிக்கிறவர்களுக்கு இது விளங்க வேண்டும் என்றால் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்து வந்தவளைத் தெருப் பெண்கள் பார்க்கப் போவார்கள். போனால் பழமும் ரொட்டியும் கொடுத்துவிட்டுத் தையலைக் காட்டச் சொல்வார்கள். காட்டாவிட்டால் மரியாதைக் குறைவு. பார்த்துவிட்டு விரலை வைத்து அளப்பார்கள். இரண்டு விரல்கடை என்றால் ஒரு மாதம், நாலு விரல்கடை என்றால் இரண்டு மாதம், ஒரு ஜாண் என்றால் மூன்று மாதம் அவள் குடத்தைத் தொட வேண்டாம் என்று அங்கேயே தீர்ப்பாகிவிடும். மாமியாரோ புருஷனோ மேஸ்திரியோ அந்தத் தீர்ப்பை மீற மாட்டார்கள். கருப்பையை எடுத்துவிட்டார்கள் என்றாலும் ஊரே ஐயோ என்று உச்சுக்கொட்டி ஓய்வு கொடுத்துவிடும். கோமளாவுக்கு எடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. நாங்கள் பெருமையோடு தழும்பில்லாமல் செய்து அனுப்பினோம். அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது. இது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை, மேடத்துக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மேடம் கோமளாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். "முன்னாடி தெச்ச இடத்துல உள்ளே எல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கும். இந்தத் தடவை துளை வழியா முடியாமப் போனா வயித்தைத் திறக்க வேண்டி வரலாம். இதுவும் இறங்கிடுச்சுன்னா அப்புறம் எடுக்கறதைத் தவிர வழி இல்லைம்மா. இதுதான் கடைசி."

வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம் என்றால் எல்லாப் பெண்களும் அழுவார்கள். நான் கைக்குட்டையோடு தயாராக நின்றேன். கோமளாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"தொறந்தா எம்மா நீளம் மேடம் வரும்?"

மேடம் புரியாமல் கையை விரித்து, "ஒரு ஜாண் வரும்" என்று காட்டினார்.

"அப்ப தொறந்தே பண்ணிடுங்க மேடம். ஓட்ட போடாதீங்க. ஒரு ஜாணு இர்ந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நிம்மதியா படுத்துனு இர்ப்பேன்."

இத்தனை வருடத்தில் தழும்பு வேண்டாம் என்று கெஞ்சியவர்களைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம். மேடம் விரித்த கையை மடக்கிக்கொண்டு, "தேவை இல்லாம ஒரு இன்ச் தோலைக்கூட நான் வெட்ட மாட்டேன். திறந்தா உள்ளே இன்னும் ஒட்டும். நாளைக்கு உனக்குக் குழந்தை தரிக்கவே தடங்கலாகும்" என்றார். கோமளா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆபரேஷன் அன்று காலை அவளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். இரும்பு அள்ளிய கை, பிடி வலித்தது. "யக்கா, நீ சொன்னா மேடம் கேப்பாங்க. உள்ள அவங்க எப்டி வேணா பண்ணட்டும். மேலாப்ல தோல மட்டும் ஒரு ஜாணு கீச்சி தெச்சி உடச் சொல்லுக்கா. மயக்கத்துல இர்க்கசொல்ல எனக்கு இன்னா தெரியப் போவுது?"

நான் அவள் கையை உதறிவிட்டு வெளியே வந்துவிட்டேன். தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் தன் உடம்பைக் கிழித்துக்கொள்ளச் சம்மதித்தால்தான் அவளுக்குப் படுக்க உரிமை கிடைக்கும் என்றால் இது என்ன நியாயம் என்று யாரிடம் கேட்பது? ஆத்திரமாக வந்தது. வரிசையில் காத்திருந்த யாரோ ஒருவரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன்.

மேடம் சொன்னது சரியாகவே இருந்தது. கேமரா உள்ளே போனதும் டிவியில் பார்த்தேன். முதல் தடவை கட்டிய நாடா கருப்பைப் பக்கத்து முனையில் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. குடலின் ஒரு வளைவு அதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. குடலை நாடாவிலிருந்து பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் குடல் ஓட்டையாகும். மேடம் ஒரு நூல் அகலம் பிரிப்பார், நிறுத்துவார், கேமராவை வெளியே எடுத்து என்னிடம் நீட்டுவார். நான் சூட்டில் முக்கித் துடைத்துக் கொடுப்பேன். மறுபடி ஒரு நூல் அகலம். இப்படியே போய்க்கொண்டிருந்தது. மயக்க மருந்து டாக்டர் பொறுமை இழந்து, "திறந்துடலாமே மேடம். யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. பொண்ணே கேட்டுச்சாமே?" என்றார். மேடம் கேமராவை மறுபடி என்னிடம் நீட்டினார்.

என் மேசையில் வயிற்றைத் திறக்கிற கத்தியும் தயாராக இருந்தது. அதைப் பார்ப்பேன், டிவியைப் பார்ப்பேன். எது நடக்க வேண்டும் என்று எனக்கே தெரியாமல் தியேட்டரில் நின்றது அந்த ஒரு நாள்தான்.

குடல் பிரிந்தது, ஓட்டையாகவில்லை. பழைய நாடாவை அகற்றிவிட்டுப் புது நாடாவை வைத்தார். எலும்புப் பக்கத்துத் தையலும் பிசகாமல் விழுந்தது. கருப்பை மேலே போய் உட்கார்ந்தது. முன்னைவிடக் கெட்டியாக, முன்னைவிடப் பல தையல்களோடு. துளை வழியாகவே முடிந்துவிட்டது. பெரிய சாதனை. கை தட்ட வேண்டிய வேலை. யாரும் தட்டவில்லை.

துளைகளுக்கு ஒவ்வொரு தையல் போட்டுவிட்டு மேடம் கையுறையைக் கழற்றினார். நான் வழக்கம் போலச் சின்னப் பிளாஸ்திரித் துண்டுகளை எடுத்து ஒட்டக் குனிந்தேன்.

"சிஸ்டர்" என்றார், மிக மெல்லிய குரலில். "இந்தச் சின்னப் பிளாஸ்திரி போதும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கோமளாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷன் என் வேலை. கட்டு போடறது உங்க வேலை. அதுல நான் தலையிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். குழாயை வேண்டிய அளவுக்கு மேல் திறந்து விட்டிருந்தார், தண்ணீர்ச் சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

புரிந்துவிட்டது. பெரிய பஞ்சுப் பட்டைகளை எடுத்து அடிவயிற்றில் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரைக்கும் அடுக்கினேன். நடுவில் அயோடின் மருந்தைத் தாராளமாக ஊற்றினேன், பழுப்பாக ஊறிப் பார்க்கவே பயங்கரமாக இருந்தது. அதன் மேல் அகலப் பிளாஸ்திரி, அதற்கும் மேல் வயிற்றுக்கட்டு. மயக்க மருந்து டாக்டர், "நான் எதையும் பார்க்கல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

தெளிந்ததும் கோமளாவின் கைதான் முதலில் அசைந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்தது. "கீச்சிட்டாங்களா யக்கா?" என்றாள், கண்ணைக்கூடத் திறக்காமல்.

நான் அவள் காதருகே குனிந்தேன். "ஒண்ணும் கீக்கல. எல்லாம் ஓட்டையிலதான். இது சும்மா கட்டு. வாய மூடிக்கினு படு. கட்டு மாத்த இங்கதான் வரணும், ஊட்ல ஒருத்தரும் தொடக் கூடாது." அவள் சிரிக்கத்தான் பார்த்தாள், ஆனால் கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

ஏழுமலை வந்து பார்த்தவன் கதவிலேயே நின்றுவிட்டான். "இன்னா சிஸ்டர், இம்மாம் பெருசா கீச்சிட்டாங்க?" என்றான். மேடம் அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. "உள்ளே பெரிய வேலை நடந்திருக்கு. மூணு மாசம் எதையும் தூக்கக் கூடாது" என்றார். போன தடவை சொன்ன அதே வார்த்தைகள்தான். இந்தத் தடவை அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. தெருப் பெண்கள் வந்தார்கள். கட்டின் மேல் காற்றிலேயே ஜாணைப் போட்டு அளந்துவிட்டு, "ஒன்ர ஜாணுக்குக் கொறயாதுடி" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேஸ்திரி ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு வந்து, "பொறுமையா வாம்மா, வேல எங்கப் பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். கோலம் போட்டவர்களைப் பற்றி இந்த முறை பேச்சே காணோம். முனியம்மா மட்டும் கால்மாட்டில் நின்று கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோமளா என்ன ஆனாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமும் படுத்தாள், உட்கார்ந்தாள், மெல்ல நடந்தாள். நாடா பிடித்துக்கொண்டது. பின்னால் கர்ப்பமாகி, எங்களிடமே வயிற்றைத் திறந்து ஒரு பெண் குழந்தையைப் பெற்றுக்கொண்டாள். அப்போது நிஜமாகவே ஒரு ஜாண் தழும்பு கிடைத்தது. "இப்ப திருப்தியாடி?" என்று கேட்டேன். வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

ஆனால் அந்த மூன்று மாதத்துக்குள் நடந்த ஒன்றுதான் இன்றைக்கும் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது.

ஒரு நாள் காலையில் முனியம்மா தனியாக வந்து நின்றாள். கோமளா வரவில்லை. "உங்கிட்ட தனியா பேசணும் நர்ஸம்மா" என்றாள். மேடத்தின் பரிசோதனை அறைக்கு வெளியே ஒரு மூலைக்கு அழைத்துப் போனேன்.

"கட்டு அவுந்துகிச்சி" என்றாள்.

நான் சுற்றிலும் பார்த்துவிட்டு அவளை இன்னும் உள்ளே தள்ளி நிறுத்தினேன்.

"அவ தூங்கினு இர்ந்தா. வேர்வைல ஓரம் பிச்சிகினு வந்துச்சி. ஒட்டி உடலாம்னு கைய வெச்சேன், மொத்தமா கயண்டு வந்துடிச்சி. உள்ள பாத்தேன். ஒண்ணியுமே காணோம். முந்தி மாதிரியே நாலு புள்ளி."

ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்தப் போகிறாள், ஏழுமலையையும் மேஸ்திரியையும் கூட்டி வரப் போகிறாள், மேடத்தின் பேர் நாறப் போகிறது, கோமளா நாளைக்கே பாண்டைத் தூக்கப் போகிறாள் என்று என் மனசு தாறுமாறாக ஓடியது. சண்டைக்கு வார்த்தைகளைத் தேடிக்கொண்டே, "யார் கிட்ட எல்லாம் சொன்னீங்க?" என்றேன்.

"யாருகிட்ட சொல்றது? திருப்பி ஒட்டிட்டேன். மேல ஒரு துணிய சுத்தி, நீ கட்னத்தவிட டைட்டா கட்டி உட்டுட்டேன். அவளுக்கே தெரியாது. எம்மவனுக்கும் தெரியாது. தெருவுல எவளாவது பாக்கணும்னு வந்தா, சீயி வச்சிகீது, கிட்ட வராதன்னு தொரத்திட்டேன்."

கொசுக்கடி என்று சொன்ன அதே வாய். "ஏன் முனியம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள், எடுத்தாள், மறுபடி சொருகினாள். "ஏயுமல பொறந்தப்ப எனக்கும் எறங்கிடுச்சி" என்றாள். "பாண்டு தூக்கசொல்ல உள்ள தள்ளி உட்டுகினு தூக்குவேன். மத்தியானத்துக்குள்ள திருப்பி வந்துடும். திருப்பித் தள்ளுவேன்."

ஏழுமலைக்கு அப்போது முப்பது வயதாகப் போகிறது. நான் அவளை அப்படியே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குள் போனேன். நடந்ததை எல்லாம் நானே சொன்னேன். மேடம் வழக்கப்படி மூலையில் இருந்த பக்கெட்டைக் காட்டினார்.

"பக்கெட்டு வேணாம் மேடம்" என்றாள் முனியம்மா. "கோமளா படுத்ததுலேர்ந்து அவ பாண்டயும் நான்தான் தூக்கினு கீறேன். ஊட்டுத் தண்ணியும் நான்தான். இப்பல்லாம் நின்னாலே வந்துடுது."

மேடம் தரையில் உட்கார்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. "அடுத்த வாரமே உங்களுக்கு ஆபரேஷன் பண்ணிடலாங்க" என்றார். அந்த "நீங்க" யார் மேல் வந்த கோபம் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அங்கே கோபப்பட ஆள் பஞ்சமில்லை, நான் உட்பட.

முனியம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்பவள் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆப்ரேசன் நீங்க எப்ப பண்ணாலும் செரி மேடம். பண்ணலன்னாலும் செரி. அவளுக்குப் போட்டீங்களே, அந்தக் கட்ட மட்டும் எனக்கும் போட்டு உடுங்க. ஒரு மூணு மாசம் நானும் படுத்துப் பாக்கறேன்."